நோர்விச் நெசவாளரும் ஒரு பெயர்ப் புத்தகமும்

1783ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நோர்விச் நகரில் ஒரு சிறிய புத்தகம் அச்சாகி வெளிவந்தது. வெளியிட்டவர் வில்லியம் சேஸ் என்ற அச்சகத்தார். அது கதையுமல்ல, சமயப் பிரசங்கமுமல்ல. வெறும் பெயர்ப் பட்டியல். நகரில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பதே அதன் உள்ளடக்கம். வெளியூர் வியாபாரி ஒருவர் குதிரை வண்டியில் வந்து இறங்கினால் யாரிடம் துணி வாங்கலாம், யாரிடம் பணம் மாற்றலாம், யாரிடம் வழக்குக் கொடுக்கலாம் என்று அறிந்துகொள்வதற்கான கைநூல். நோர்விச் நகரம் பெற்ற முதலாவது விலாசப் புத்தகம் இதுதான்.

இத்தகைய புத்தகம் எங்களுக்குப் புதியதல்ல. புலம்பெயர்ந்து வந்த நகரங்களில் நாங்கள் பெருகத் தொடங்கியதும் எங்கள் மத்தியில் அச்சேறியவற்றுள் வர்த்தகக் கையேடுகளும் அடங்கும். நகைக்கடை, பலசரக்குக்கடை, சட்டத்தரணி, வீடு விற்பவர், சோதிடர், மண்டபச் சோடனைக்காரர் எல்லோரும் அதில் இருந்தார்கள். தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த அந்தக் கையேட்டை இருநூறு வருடம் கழித்து ஒருவர் வரலாற்று ஆவணமாக எடுத்து வாசித்தால், நாங்கள் எல்லோருமே கடைக்காரராகவும் சட்டத்தரணிகளாகவும்தான் அவருக்குத் தோன்றுவோம். உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியவர் அதில் இல்லை. இந்த எச்சரிக்கையுடன் நோர்விச்சின் பட்டியலை அணுகுவது பொருத்தமானது.

அன்றைய நோர்விச் சிறிய ஊரல்ல. 1700 அளவில் அங்கே ஏறத்தாழ 30,000 பேர் வாழ்ந்தார்கள். லண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் அதுவே. அந்த நூற்றாண்டின் முற்பாதியில்தான் பிறிஸ்டல் அதை முந்தியது. லண்டனுக்கு வெளியே தோன்றிய முதற் செய்தித்தாள் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'நோர்விச் போஸ்ட்' 1701இல் இங்கேதான் அச்சானது. மேரி சப்மன் என்ற பெண்மணி மனநோயாளருக்கென 1713இல் இங்கே ஒரு இல்லத்தைக் கட்டுவித்தார். குவேக்கர் சமயத்தவரான கேர்ணி குடும்பத்தினர் நூல் வியாபாரத்தில் திரட்டிய செல்வத்தைக் கொண்டு 1770இல் வங்கி நடத்தத் தொடங்கினர். அந்த வங்கி 1896இல் பார்க்லேஸ் வங்கியில் கலந்தது. தோமஸ் பிக்னோல்ட் என்பவர் 1797இல் தீக்காப்புறுதிக்கென 'நோர்விச் யூனியன்' சங்கத்தை உருவாக்கினார். எங்களில் எத்தனையோ பேர் பின்னாளில் வீட்டுக்கும் காருக்கும் காப்புறுதி எடுத்த அந்தப் பெயரின் பிறப்பு அதுதான்.

இவ்வளவுக்கும் அடித்தளம் தறி. செம்மறியாட்டின் நீண்ட மயிரைச் சூடேற்றிய இரும்புச் சீப்புகளால் வாரி, முறுக்கி நூற்று, மெல்லிய துணியாக நெய்வார்கள். அத்துணிக்கு 'வூஸ்டட்' என்று பெயர். நோர்விச்சுக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்தின் பெயரே துணிக்கும் ஆகிவந்தது. நெய்ததைச் சாயக்காரர் வாங்கித் தோய்ப்பார்கள். சூட்டு அழுத்தக்காரர் பளபளப்பு ஏற்றுவார்கள். வணிகர் யாமவுத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். ஆர்தர் யங் என்ற வேளாண்மை எழுத்தாளர் 1771இல் வெளியிட்ட பயண நூலில் நோர்விச்சின் தறிகள் 12,000 என்றும், தறி ஒன்றுக்கு ஆறு பேர் வீதம் 72,000 பேர் இத்தொழிலில் வாழ்கிறார்கள் என்றும் கணக்கிட்டார். நகரின் சனத்தொகையைவிட இது மிக அதிகம். ஏனென்றால் நூல் நூற்றவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்த பெண்களும் சிறுமிகளும்.

இந்தத் தொழில் நோர்விச்சில் தழைத்ததற்குக் காரணம் அகதிகள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகரின் நெசவு படுத்துவிட்டது. ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் புரட்டஸ்தாந்தர்கள் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த ஒல்லாந்து, பிளான்டர்ஸ் பகுதிகளிலிருந்து நெசவாளரை அழைத்துக் குடியேற்ற நகரசபை விரும்பியது. முதலாம் எலிசபெத் அரசி 1565இல் அனுமதி வழங்கினார். 30 தொழில் வல்லுநர் குடும்பங்கள், மொத்தம் 300 பேருக்கு மேற்படாமல் என்பது நிபந்தனை. 1579 அளவில் அவர்கள் ஏறத்தாழ 6,000 பேர் ஆகிவிட்டார்கள். நகர மக்களில் மூவரில் ஒருவர் என்று சொல்லலாம். நகரத்தார் அவர்களை 'அந்நியர்' என்றே அழைத்தார்கள். அவர்களுக்குத் தனி ஒழுங்குவிதிகள் இருந்தன. தங்கள் ஏழைகளைத் தாங்களே பராமரிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் சில எஞ்சியிருக்கின்றன. 1567இல் தொப்பி செய்பவர் ஒருவர் ஈப்பர் நகரில் விட்டுவந்த மனைவிக்கு எழுதினார். இங்குள்ளவர்கள் அன்பானவர்கள், பிள்ளைகளுடன் புறப்பட்டு வா என்கிறார். கூடவே, வெண்ணெய் பிடிக்கும் சிறிய மரத்தட்டுகள் இரண்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்கிறார். இங்கே எல்லாவற்றுக்கும் பன்றிக் கொழுப்புத்தானாம். தங்கள் ஊரவர் வெண்ணெயைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்களாம். இடியப்ப உரலையும் புட்டுக்குழலையும் சூட்கேசுக்குள் அடைத்து அனுப்பிய எங்கள் தாய்மாருக்கு இந்தக் கடிதத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் அன்பாக இருந்துவிடவில்லை. 1570இல் ஜோன் துறொக்மோர்ட்டன் என்பவரும் கூட்டாளிகளும் சனங்களைத் திரட்டி இந்த அந்நியரை நாட்டைவிட்டுத் துரத்தத் திட்டமிட்டார்கள். சதி வெளிப்பட்டது, அவர் தூக்கிலிடப்பட்டார். நூறு வருடத்துக்குப் பின் பிரான்சிலிருந்து ஹியூகனோ அகதிகள் வரத் தொடங்கியபோதும் நகரில் அவர்களுக்கெதிராகக் கலகம் நடந்தது. ஆங்கில மொழியில் 'அகதி' என்ற பொருளுள்ள சொல் புழக்கத்துக்கு வந்ததே இந்த ஹியூகனோக்களை ஒட்டித்தான்.

18ஆம் நூற்றாண்டில் அந்த அந்நியரின் பேரப்பிள்ளைகள் நகரத்தவர் ஆகிவிட்டார்கள். ஹியூகனோ வைத்தியர் ஒருவரின் வழிவந்த மாட்டினோ குடும்பத்தினர் நகரின் பெயர்பெற்ற வைத்தியராகவும் துணி உற்பத்தியாளராகவும் விளங்கினர். எழுத்தாளர் ஹரியற் மாட்டினோ 1802இல் அக்குடும்பத்தில் பிறந்தார். மொழி போய்விட்டது. பெயர்கள் ஆங்கிலேயரின் நாக்குக்கு ஏற்றபடி வளைந்தன. ஒல்லாந்த மொழியில் தேவாலய ஆராதனை மட்டும் ஒரு சடங்காக நெடுங்காலம் நீடித்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் கரையின் கதை நோர்விச்சின் கதையுடன் வந்து சேர்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுவந்து இறக்கிய பருத்தித் துணிகள் இங்கிலாந்துப் பெண்களின் மனத்தைக் கவர்ந்தன. கள்ளிக்கோட்டையின் பெயரால் அவற்றைக் 'கலிக்கோ' என்றார்கள். ஆயினும் பூவேலை எழுதிய உயர்ந்த சீத்தைகள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவை. கடுக்காய் நீரில் தோய்த்து, படிகாரத்தால் எழுதி, சாயவேரில் அவித்தெடுத்த அந்தச் சிவப்பு, துவைக்கத் துவைக்கப் போகாது. ஐரோப்பியருக்கு அந்த வித்தை அப்போது கைவரவில்லை. அந்தச் சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்றரைகளில் தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் அதைத் தமது ஏகபோகமாக வைத்திருந்தார்கள். வெயிலில் குனிந்து வேர் தோண்டிய அடிமட்டச் சாதி மக்களுக்கு அது கட்டாய ஊழியம்.

நூலும் சாயமும் கைவிட்டுப் போகாத அத்துணி மலிவாகவும் இருந்தது. கம்பளி நெசவாளர் கொதித்தெழுந்தார்கள். 1700இல் நிறைவேறிய சட்டம் எழுதிய கலிக்கோவின் இறக்குமதியை உள்நாட்டுப் பாவனைக்குத் தடுத்தது. வெள்ளைத் துணியை இறக்கி லண்டனில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். 1719இல் லண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர் வீதியில் இறங்கினர். 1720இல் நோர்விச்சிலும் கலகம் மூண்டது. கலிக்கோ அணிந்து நடந்த பெண்களின் உடையைக் கிழித்தெறிந்தார்கள். 1721இல் பாராளுமன்றம் அச்சிட்ட கலிக்கோவை அணிவதையே குற்றமாக்கியது. அந்தச் சட்டம் 1774 வரை நீடித்தது.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிறநாட்டார் கொண்டுவந்த கைவேலையால் பிழைத்த நகரம், பிறநாட்டாரின் கைவேலை வருகிறது என்று கிளர்ந்தெழுந்தது. அந்தக் கும்பலில் அகதிகளின் பேரர்களும் இருந்திருக்கவே வேண்டும். இதை வெறும் நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் அவர்களின் பயம் பொய்யல்ல. தறி நின்றால் அடுத்த கிழமை பாண் இல்லை. 1766இல் தானிய விலை ஏறியபோது அதே நகரத்து ஏழைகள் மாவாலைகளையும் பாண்கடைகளையும் தாக்கினார்கள், இருவர் தூக்குமேடையேறினர். சோழமண்டலத்து நெசவாளரும் மன்னாரில் வேர் தோண்டியவரும் நோர்விச் நெசவாளருக்கு எதிரிகளல்லர். மூவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. மூவரின் உழைப்புக்கும் விலை வைத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

கம்பனி இதை நன்கு அறிந்திருந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே கம்பனி நோர்விச்சின் 'கம்லெட்' துணியை வாங்கிச் சீனாவுக்கு அனுப்பியது. திரும்பும் கப்பலில் தேயிலை வந்தது. 1780களில் நோர்விச்காரர் காஷ்மீரச் சால்வையைப் பார்த்து அதேபோல நெய்யக் கற்றுக்கொண்டு பெயரெடுத்தார்கள். ஒரு கரையின் கைவேலையை மறுகரை தடை செய்வதும், பின் அதையே பார்த்துப் படிப்பதும் இப்படித்தான் நடந்தன.

இனி 1783இன் பட்டியலுக்குத் திரும்புவோம். அதில் துணி உற்பத்தியாளர் இருக்கிறார். அவர் கொடுத்த நூலைத் தன் வீட்டு மேல்மாடியில் நெய்து கூலி வாங்கியவருக்கு அங்கே இடமில்லை. தெருமுகத்து வீட்டுக்காரர் இருக்கிறார். அந்த வீட்டின் ஒடுங்கிய வாசலுக்குள் நுழைந்தால் வரும் முற்றத்தில் நெருங்கிக் குடியிருந்த குடும்பங்கள் இல்லை. அதே 1783இல் சீப்புத் தொழிலாளர் தங்கள் காவற் புனிதரான பிளேஸ் ஆயரின் பெயரால் பெரிய ஊர்வலம் ஒன்றை நகரில் நடத்தினார்கள். புத்தகத்தில் இடமில்லாதவர்கள் வாத்தியங்களும் கொடிகளுமாக நடுத்தெருவில் நடந்தார்கள்.

ஏழை நெசவாளரின் பெயர் முற்றாக அழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஏழு வருடம் தொழில் பழகியோ, தகப்பன் வழியாகவோ நகர உரிமை பெற்றவருக்கு வாக்குரிமை இருந்தது. 1872 வரை இரகசிய வாக்கெடுப்பு இல்லாததால், யார், என்ன தொழில், எந்தப் பங்கு, யாருக்கு வாக்களித்தார் என்பதையெல்லாம் அச்சிட்டு விற்றார்கள். அந்த வாக்குப் புத்தகங்களில் நெசவாளரின் பெயர்கள் நிறைய உண்டு. வாக்கில்லாத ஏழை எழுத்தில் வருவது வேறொரு வழியில். பிச்சைச் சம்பளம் கேட்டுப் போனால் அதிகாரிகள் முன்னால் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எந்த ஊருக்கு நீ பொறுப்பு என்று விசாரித்து எழுதுவார்கள். பதில் திருப்தி தராவிட்டால் சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்புவார்கள். அகதி விண்ணப்ப விசாரணையில் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் சீவியத்தைத் திகதி வாரியாக ஒப்புவித்தவருக்கு இந்த ஆவணங்களின் தொனி உடனே பிடிபடும். கேட்டவனுக்குத் தேவையானது மட்டுமே அங்கே எழுதப்பட்டிருக்கும்.

கிராமத்துத் திண்ணையில் நூல் நூற்றவள் இவை மூன்றிலும் அகப்படுவது அரிது. கடை நடத்திய விதவைக்கு விலாசப் புத்தகத்தில் இடம் கிடைக்கலாம். வாக்கு எந்தப் பெண்ணுக்கும் இல்லை. 12,000 தறிகளுக்கும் நூல் கொடுத்த கைகள் எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சின.

1793இல் பிரான்சுடன் போர் மூண்டதும் ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டன. யோர்க்ஷயரின் ஆலைகள் மலிவான வூஸ்டட்டைக் கொண்டுவந்து குவித்தன. 1833இல் கம்பனியின் சீன ஏகபோகத்தை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியபோது கம்லெட் வியாபாரமும் சரிந்தது. அதே காலத்தில் லங்காஷயர் ஆலைத்துணி சோழமண்டலத் தறிகளை நிறுத்திக்கொண்டிருந்தது. கலகம் செய்த நகரும் கலகத்துக்குக் காரணமான கரையும் ஒரே பகையிடம் தோற்றன.

1994 ஓகஸ்ட் முதலாம் திகதி நோர்விச் மத்திய நூலகம் தற்செயலான தீயில் எரிந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. நூலகம் எரிந்த ஊரின் மனநிலையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நிலக்கீழறையில் இருந்த பழைய ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை நீரில் நனைந்தும் தப்பின. அவற்றை உலர்த்தி மீட்டெடுத்தார்கள். பழைய கைகள் எழுதிவைத்தபடியால்தான் மீட்பதற்கு ஏதோ இருந்தது.

எங்களில் முதலில் வந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. வர்த்தகக் கையேட்டில் இருந்தவர்களின் பெயர் எப்படியும் தங்கும். விசாரணைக் கோப்புகளும் எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கும். இரவு வேலைக்குப் போனவர், தொழிற்சாலையில் பொதி கட்டியவர், ஒரே அறையில் எட்டுப் பேருக்குச் சமைத்தவர், ஊரிலிருந்து உரலைக் கொண்டுவந்தவர் ஆகியோரின் பெயரையும் வேலையையும் தெருவையும், அவர்கள் சொல்லச் சொல்ல நாங்களே ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும்.