ஜொகூரில் இரசாயனப் பொறியியல்: கல்வியும் பணியும்

மூலப்பொருளைச் சூடு, அழுத்தம், வேதிவினை, பிரித்தெடுப்பு ஆகியவற்றின் வழியே பெருமளவில் பயன்படுபொருளாக மாற்றும் ஆலைகளை வடிவமைத்து, இயக்கி, விபத்தின்றிக் காக்கும் துறை இரசாயனப் பொறியியல். மலேசியாவில் இதைக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பல மாநிலங்களில் உள்ளன. ஆனால் கற்றதை அருகிலேயே ஆலையாகப் பார்க்கும் வாய்ப்பு ஜொகூர் மாணவர்களுக்கே அதிகம். இம்மாநிலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்து திரளவைத்து ஷீட் போட்டார்கள். இத்துறையின் பாலபாடம்தான் அது. அவர்களை யாரும் பொறியாளர் என்று அழைக்கவில்லை, அவ்வளவே.

கல்வி

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யு.டி.எம்.) இத்துறையில் மாநிலத்தின் முதன்மை நிறுவனம். 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்த்தப்பட்ட இது, 1975இல் இன்றைய பெயரைப் பெற்றது. பிறகே கோலாலம்பூரிலிருந்து முதன்மை வளாகம் ஸ்கூடாய்க்கு மாறியது. பாகோவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இரசாயனப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பை நடத்துகிறது. பாசிர் கூடாங்கிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக (யு.ஐ.டி.எம்.) வளாகத்தில் டிப்ளோமா உண்டு.

எஸ்.பி.எம். தேர்வில் இரசாயனத்தில் நல்ல மதிப்பெண் வந்தது என்பதற்காகவே இதில் சேர்பவர் முதல் ஆண்டிலேயே திகைத்துப்போவார். பாடத்தில் பாதிக்கு மேல் கணிதமும் இயற்பியலும்தான். உள்ளே போன பொருள் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மீதி எங்கே என்று கணக்குப் பார்க்கும் பொருள் சமன்பாட்டில் பாடம் தொடங்குகிறது. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கம், வெப்பப் பரிமாற்றம், வினைக்கலன் வடிவமைப்பு, கட்டுப்பாட்டு முறை, ஆலைப் பாதுகாப்பு எனத் தொடர்ந்து, இறுதியாண்டில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு முழு ஆலையைக் காகிதத்தில் வடிவமைக்க வேண்டும். செலவுக் கணக்கும் அதில் அடக்கம். இடையே ஆலையில் தொழிற்பயிற்சி கட்டாயம்.

சேருமுன் கவனிக்க வேண்டியது பட்டத்தின் பெயர். ‘பொறியியல்’ பட்டம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம்; குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் மதிப்பீட்டுத் தேர்வும் முடிந்தபின் ‘இர்’ என்ற அடைமொழி கிடைக்கும். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானதால், இப்பட்டங்களுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. ‘பொறியியல் தொழில்நுட்பம்’ என்று முடியும் பட்டமோ, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியத்துக்கு உரியது. அங்கு அடைமொழி ‘டிஎஸ்’. இரண்டுக்கும் வேலை உண்டு. ஆனால் வேறுபாடு தெரியாமலே சேரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

செம்பனை எண்ணெய்

பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் லங்சாட்டிலும் உள்ள சுத்திகரிப்பு ஆலைகள் ஜொகூர் பட்டதாரிகள் பலருக்கு முதல் வேலையிடம். மில்லிலிருந்து வரும் கச்சா எண்ணெய் செஞ்சிவப்பாக இருக்கும். அதில் தனித்த கொழுப்பு அமிலம் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை இருக்கலாம். பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பிசினை நீக்கி, வெளுப்பு மண் கலந்து வடிகட்டி, கடைசியில் வாசனை நீக்கும் கோபுரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஏறக்குறைய 240 முதல் 260 பாகை செல்சியஸ் சூட்டில், வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெற்றிடத்தில், நீராவி எண்ணெயினூடே செலுத்தப்படும். அமிலம் ஆவியாகிப் பிரியும். எஞ்சிய சிவப்பும் சூட்டில் சிதையும். வெளிவரும் எண்ணெயில் அமிலம் 0.1 விழுக்காட்டுக்குள் அடங்கியிருக்கும். பிறகு அதை மெல்லக் குளிர்வித்தால் திரவ ஓலினும் திட ஸ்டியரினும் பிரியும். கடையில் பாக்கெட்டில் வாங்கும் சமையல் எண்ணெய் அந்த ஓலின்தான்.

சிக்கல் சூட்டிலேயே இருக்கிறது. 230 பாகையைத் தாண்டினால் கிளைசிடில் எஸ்டர் என்ற வேண்டாத பொருள் உருவாகத் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம் என அதற்கு வரம்பு விதித்தது. சூட்டைக் குறைத்தால் அமிலமும் நிறமும் முழுதாக நீங்கா. கூட்டினால் ஐரோப்பியக் கப்பலுக்குச் சரக்கு தேறாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதற்குத்தான் செயல்முறைப் பொறியாளருக்குச் சம்பளம்.

மில்களில் வேறொரு வேலை காத்திருக்கிறது. செம்பனைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு அதிகம். குளங்களிலும் மூடிய தொட்டிகளிலும் அதைச் சிதைத்து எரிவாயு எடுப்பது தனித் தேர்ச்சியாகிவிட்டது.

பெட்ரோ இரசாயனம்

பாசிர் கூடாங்கின் டைட்டன் நிறுவனம் (2010இல் கொரியர் கைக்கு மாறி, இன்று லோட்டே கெமிக்கல் டைட்டன்) நாஃப்தாவை 800 பாகைக்கு மேல் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சூடேற்றி உடைத்து, எத்திலீனும் புரொப்பிலீனும் எடுக்கிறது. பெங்கெராங்கில் நாளுக்கு 300,000 பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலையைப் பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் கூட்டாக அமைத்தன. அங்கே 2020 மார்ச்சில் நேர்ந்த வெடிவிபத்தில் ஐவர் மாண்டனர்.

அதற்கு முந்தைய ஆண்டு பாசிர் கூடாங்கில் நடந்தது வேறு வகை. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவைக் கணக்கிட்டு ஒப்படைப்பது, காற்றுத் தரம் அளப்பது, 1996ஆம் ஆண்டுப் பெருவிபத்துக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அறிக்கை தயாரிப்பது ஆகியவை முழுநேர வேலைகள். உற்பத்தியைவிட மதிப்புக் குறைந்ததாக மாணவர்கள் இவற்றை நினைப்பது தவறு.

நீரிணைக்கு அப்பால்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் பன்னாட்டு நிறுவனங்களின் பெட்ரோ இரசாயன ஆலைகள் திரண்டுள்ளன. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம் ஜொகூரின் மேற்குப் பகுதியிலிருந்து அங்கு செல்லும் வழியைச் சுருக்கியது. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால், ஓரிரு ஆண்டு இங்கே பழகிவிட்டு அங்கே தாவுவோர் பலர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டோடு குடிநுழைவுச் சாவடி நெரிசலும் சேர, குழந்தை பிறந்தபின் குறைந்த சம்பளத்துக்கே பாசிர் கூடாங் திரும்புபவர்களும் உண்டு.