முடிவைத் தீர்மானிப்பவர் யார்? மும்பைப் பால்வாடிகளில் திறந்தநிலைக் கலை

1. சிக்கல்

மும்பையில் மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகள் படம் வரையும் இடங்கள் இரு வகை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கட்டணம் வாங்கும் நர்சரிகள் ஒரு வகை. தாராவியின் சந்துகளில், வாடகை அறைகளில் நடக்கும் அங்கன்வாடிகளும் பால்வாடிகளும் இன்னொரு வகை. வசதியில் இவற்றுக்கிடையே பெரிய தூரம் உண்டு. ஆனால் வரைதல் நேரத்தில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வெளிக்கோடு போட்ட ஆப்பிள், அதற்குள் சிவப்பு, கோட்டைத் தாண்டாத பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். நர்சரியில் அது வழவழப்பான புத்தகத்தில் வருகிறது. பால்வாடியில் ஜெராக்ஸ் தாளில் வருகிறது. தாளும் இல்லாத இடத்தில் டீச்சர் பலகையில் வரைந்ததைப் பிள்ளைகள் சிலேட்டில் பார்த்து வரைகிறார்கள்.

இந்த ஒற்றுமையை ஒரு சான்றாகவே கொள்ளலாம். பணமும் இடமும் மட்டுமே தடை என்றால், அவை இருக்கும் இடத்தில் தடை விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். பள்ளி தன் வேலையைப் பெற்றோருக்கும் மேற்பார்வையாளருக்கும் காட்டியாக வேண்டிய கட்டாயம்தான் அந்தக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். நாற்பது ஒரே மாதிரி ஆப்பிள்கள் பாடம் நடந்ததற்கு ரசீது. நாற்பது விதமான கிறுக்கல்கள் எதற்கும் ரசீது ஆவதில்லை. திறந்தநிலைக் கலை என்று இங்கே சொல்வது விதியே இல்லாத விளையாட்டை அன்று; எதைச் செய்வது, எப்போது முடிந்தது என்ற இரண்டு முடிவுகளும் பிள்ளையிடம் இருக்கும் செயலை.

2. இரண்டு மரபுகள்

பம்பாயில் ஓவியக் கல்வி பார்த்து வரைதலோடு தொடங்கியது. 1857இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளி லண்டன் சவுத் கென்சிங்டன் முறையைப் பின்பற்றியது: வடிவியல், நேர்கோடு, வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரைதல். கைத்தொழிலுக்குத் தேர்ந்த கைகளை உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்த நோக்கத்துக்கு அந்த முறை பொருத்தமானதும்கூட. மகாராஷ்டிரக் கலை இயக்ககம் நடத்தும் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகள் இன்றும் அந்த மரபின் வழிவந்தவை. அவற்றில் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்காக வகுத்த அளவுகோல் மெல்ல மெல்ல மூன்று வயதுவரை இறங்கி வந்துவிட்டது. பால்வாடி டீச்சருக்கும் ஓவியம் என்றால் தாம் பள்ளியில் கற்ற ‘சரியான’ வரைதல்தான்.

இதற்கு எதிரான மரபும் இதே மாநிலத்தில் இருக்கிறது. குஜராத்தின் பாவ்நகரில் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1926இல் உருவான நூதன் பால சிக்ஷண் சங்கத்தின் வழியாக முன்பருவக் கல்வியை இயக்கமாக்கினார். மாட்டுங்காவுக்கு அடுத்திருக்கும் தாதரில் சிசு விகார் அவருடைய முயற்சியில் எழுந்தது. நகரத்துப் பள்ளியோடு அவர் நின்றுவிடவில்லை. 1945இல் போர்டி கிராமத்துக்குப் போய், அனுதாய் வாக்கோடு சேர்ந்து ஏழைக் குழந்தைகளின் வீட்டு முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். பிறகு அந்தப் பணி கோஸ்பாட் குன்றுக்கு நகர்ந்தது. விலை கூடிய மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாக விதை, இலை, கூழாங்கல், சிப்பி என அக்கம்பக்கத்தில் கிடைத்தவை அங்கே பாடப்பொருள்கள் ஆயின. அதே காலத்தில் வார்தா பக்கத்துச் சேவாகிராமத்தில் சாந்திநிகேதன் மாணவரும் பின்னாளில் குயவருமான தேவி பிரசாத், 1944 முதல் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை கற்பித்து, பிள்ளைகளின் படங்களைத் திருத்தாமல் சேர்த்து ஆராய்ந்தார். தாராவியில் திறந்தநிலைக் கலையைப் பேசுவதற்கு இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா முன்பருவக் கல்வி முறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

அரசுத் திட்டங்களின் தாளிலும் இந்த மரபுக்கு இடம் உண்டு. 2022இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயதுவரை அழகியல், பண்பாட்டு வளர்ச்சியைத் தனிக் களமாக வைக்கிறது. அது ஏன் அறைக்குள் வந்து சேரவில்லை என்பதே கேள்வி.

3. சோதனைகள் சொல்வது

அதற்கு முன், நட்சத்திரமும் மாதிரிப் படமும் பிள்ளையிடம் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆய்வுகள் இதற்கு நேராகப் பொருந்துகின்றன. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டின் பிங் நர்சரிப் பள்ளியில், தாமாகவே வரைவதில் ஆர்வம் காட்டிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் கொண்ட பரிசுச் சான்று கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழு எதிர்பாராமல் அதைப் பெற்றது. மூன்றாவது குழுவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்துக் கட்டாயமில்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்ற இரு குழுவினரைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். நட்சத்திரம் ஒட்டும் டீச்சர் ஊக்கப்படுத்துவதாகத்தான் நினைக்கிறார். வரைவதை அவர் கூலிவேலையாக மாற்றிவிடக்கூடும்.

2011இல் எலிசபெத் போனாவிட்ஸ் குழுவினர் காக்னிஷன் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பல வேலைகள் செய்யும் புதிய பொம்மை ஒன்றின் ஒரே ஒரு வேலையை, கற்றுத்தரும் தோரணையில் சில பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அவர்கள் அதைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் பொம்மையின் மற்ற வேலைகளை, கற்றுத்தரப்படாத பிள்ளைகளைவிடக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். டீச்சர் காட்டாததில் கண்டுபிடிக்க ஏதும் இருக்காது என்று பிள்ளை நியாயமாகவே ஊகிக்கிறது. பலகையில் வரைந்த மாதிரி மாம்பழமும் இதைத்தான் செய்கிறது. எப்படி வரைவது என்பதோடு, வேறு மாம்பழம் இல்லை என்பதையும் அது கற்பித்துவிடுகிறது. இந்த ஆய்வு கற்பித்தலைக் குறை சொல்லவில்லை. குறிப்பிட்ட திறனைத் தருவதில் கற்பித்தல் வல்லது. தேடலைச் சுருக்குவதிலும் அதே அளவு வல்லது. எந்த நேரத்தில் எது வேண்டும் என்பதை டீச்சர் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. கோலம் ஒரு மாற்றுச் சான்று

இங்கே தமிழ் வாசகர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். மாட்டுங்காவின் வாசல்களிலும் தாராவியின் படிகளிலும் போடப்படும் கோலம், பார்த்துப் போட்டுத்தானே கற்கப்படுகிறது? தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் குயவர் பிள்ளை தகப்பனின் கையைப் பார்த்துத்தானே மண் பிடிக்கிறது? பார்த்துச் செய்வது படைப்பாற்றலைக் கொல்லும் என்றால் இந்தக் கலைகள் எப்படித் தழைத்தன?

வெளிக்கோட்டு ஆப்பிளுக்கும் கோலத்துக்கும் உள்ள வேறுபாடு விதியின் தன்மையில் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் புள்ளி வரிசை உண்டு. கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வர வேண்டும். கடைசியில் மூட வேண்டும். விதி கடுமைதான். ஆனால் அதே புள்ளிகளுக்குள் எண்ணற்ற கோலங்கள் பிறக்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தது இதனால்தான். சில விதிகள், முடிவில்லாத விளைவுகள். முதலில் அம்மாவின் கோலத்தைப் பார்த்துப் போடும் சிறுமி, பழகியபின் தன் கோலத்தைத் தானே தேடுகிறாள். வெளிக்கோட்டு ஆப்பிளிலும் விதி இருக்கிறது. ஆனால் அதற்குள் இருப்பது ஒரே விளைவு. அங்கே பிள்ளைக்கு மிஞ்சுவது பிழை செய்யும் வாய்ப்பு மட்டும்.

மூன்று வயதுப் பிள்ளையைச் சிக்குக் கோலம் போடச் சொல்வது நோக்கமன்று. அந்த வயதில் அது முடியவும் முடியாது. கோலம் தருவது ஒரு பகுப்பு. தூரிகையை எப்படிப் பிடிப்பது, இரண்டு மண் துண்டுகளைக் குழைத்த சேறு தடவி எப்படி ஒட்டுவது என்ற நுட்பங்களை டீச்சர் தயங்காமல் காட்டலாம், காட்டவும் வேண்டும். அந்த நுட்பத்தால் என்ன செய்வது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும்.

5. தாராவியின் தேவையும் வளமும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 பகுதிகளில் தொடங்கியபோது தாராவி அவற்றில் ஒன்று. 1995இல் மும்பையில் பிறந்த பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், பால்வாடிகளுக்கென்று கட்டடம் எழுப்பாமல், வீடு, கோயில், மன்றம் எனக் கிடைத்த இடங்களில் அவற்றை நடத்தியது. இடநெருக்கடிக்குள் முன்பருவக் கல்வியை நடத்தும் அனுபவம் இந்த நகருக்கு நிறையவே உண்டு.

இங்கே கலைக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. ஒரே அறையில் தமிழ், மராத்தி, இந்தி, உருது, தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அறையின் மொழி பெரும்பாலும் மராத்தியோ இந்தியோதான். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளை பாட்டிலும் கதையிலும் எண்ணிலும் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. வரைதலிலும் மண்ணிலும் மட்டும் அது யாருக்கும் பின்னால் இல்லை. அந்த நேரத்தையும் ஒரே ஆப்பிளுக்குக் கொடுத்துவிட்டால், அறிவு உள்ள பிள்ளை என்று தன்னைக் காட்டிக்கொள்ள அதற்கு அன்று வேறு வாய்ப்பில்லை.

பொருளைப் பொறுத்தவரை, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. சுடாத களிமண் பிள்ளைக்கு மிக ஏற்றது. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மறுபடி மறுபடி பயன்படும். உடைத்துப் பிசைந்தால் நேற்றைய யானை இன்றைய அடுப்பாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சேமிக்க இடம் தேவைப்படாத பொருள் என்பது சின்ன விஷயமன்று. தையல் கடைகளின் துணித் துண்டுகளும் உதவும். ஆனால் தாராவியின் மறுசுழற்சிப் பொருளெல்லாம் பாடப்பொருளாகிவிடாது. ரசாயனம் இருந்த டப்பா, சாயமேற்றிய தோல் துண்டு, கூர்மையான பிளாஸ்டிக் ஆகியவை பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் ஆபத்து. தண்ணீர் சில மணி நேரமே வரும் சந்தில் வண்ணக் குழம்பைக் கழுவுவது கடினம். அங்கே சாக்கட்டியும் தரையும் முதலில், மண்ணும் ஒரு வாளித் தண்ணீரும் அடுத்து, வண்ணம் கடைசியில்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மண் உருவம் மறுநாள் உடைகிறது, சாக்கட்டிக் கோடு மாலையில் அழிகிறது. மிக மலிவான, மிகப் பொருத்தமான ஊடகங்கள்தான் ரசீது தராதவை. பள்ளி அவற்றைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு மாண்டிசோரியிடமிருந்தே வரும். பிள்ளைகளைத் தன்போக்கில் வரையவிடுவதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. கையையும் கண்ணையும் முதலில் பழக்கினால் நல்ல வரைதல் தானே வரும் என்பது அவர் கருத்து. கைப்பழக்கம் தேவை என்பது சரி. ஆனால் ஒரு கிறுக்கலுக்கு ‘எங்க ஆயா பஸ்ல போறாங்க’ என்று பெயர் வைக்கும் பிள்ளை, கைத்திறனுக்கு முன்பே குறியீட்டைக் கையாளத் தொடங்கிவிட்டது. ஒரு கோடு வேறொன்றைக் குறிக்கலாம் என்ற இந்த அறிவுதான் பின்னால் எழுத்துக்கும் அடித்தளம். கை தேறும்வரை அதைக் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அமெரிக்கக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், திறந்த முறைகள் வீட்டிலேயே பள்ளியின் விதிகளைக் கற்றுவரும் நடுத்தர வகுப்புப் பிள்ளைகளுக்கே சாதகம் என்றும், விளிம்புநிலைப் பிள்ளைகளுக்கு அந்த விதிகளை வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும் என்றும் வாதிட்டார். தாராவிப் பெற்றோர், ‘விளையாடத்தான் வீடு இருக்கே, எழுதச் சொல்லிக் கொடுங்க’ என்று சொல்லும்போது இதே நியாயத்தைத்தான் பேசுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில் தொடங்குகிறது; அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. முதல் வகுப்பு இடத்துக்குப் போட்டி இருக்கும்போது அவர்களுடைய பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. எழுத்தையும் எண்ணையும் நேரடியாகவே கற்பிக்கட்டும். நாளில் அரை மணி நேரம் கலைக்கு என்பது அதற்குக் குறுக்கே நிற்காது. வண்ணம் தீட்டும் தாள் ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது. அந்தத் தாள் எழுத்தையும் கற்பிக்கவில்லை, தேடலையும் தரவில்லை.

7. மாற வேண்டியவை

டீச்சருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அங்கன்வாடிப் பணியாளரின் நாள் எடை, உயரம், ஊட்டச்சத்து, தடுப்பூசி, பதிவேடு, செயலி எனப் பிரிந்துபோகிறது. எது கணக்கில் வருகிறதோ அதுவே நடக்கும். எனவே திருத்தம் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்பார்வைப் படிவத்தில் மாதம் ஒரு முறை, ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: தன் படத்தையோ மண் உருவத்தையோ பற்றி அந்தப் பிள்ளை சொன்னது, சொன்ன மொழியிலேயே. தமிழில் சொன்னதை மராத்தி டீச்சரால் எழுத முடியாவிட்டால், கூட்டிப்போக வரும் அம்மாவோ அக்காவோ எழுதட்டும். அழியும் ஊடகங்களுக்கும் இதனால் ஒரு சான்று கிடைக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் ஆண்டு முழுதும் தீட்டிய தாள்களின் ஃபைலுக்குப் பதிலாக, ஒரே பிள்ளையின் ஜூன், அக்டோபர், மார்ச் வரிகளைப் படித்துக் காட்டலாம். ஒற்றைச் சொல்லில் தொடங்கிய பிள்ளை ஒரு கதை சொல்லும் அளவுக்கு வளர்ந்ததைப் பெற்றோர் எளிதில் அறிவார்கள். வகுப்பில் மூன்று கட்டுப்பாடுகள் போதும்: டீச்சர் மாதிரிப் படம் வரைந்து காட்டுவதில்லை, நட்சத்திரம் இல்லை, ஒரே பொருள் ஒரு வாரமாவது தொடரும். முதல் நாள் பிள்ளை மண்ணை அறிகிறது. அந்தப் பழக்கம் வந்தபிறகே அதைக்கொண்டு எதையாவது நினைக்கத் தொடங்குகிறது.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். ஒரே பகுதியில் சில அங்கன்வாடிகளுக்குக் களிமண் மட்டும் கொடுத்து, வேறு சிலவற்றில் மேற்பார்வைப் படிவத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். மண் கொடுத்த அறைகளில் ஓராண்டுக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிள்ளையாரைப் பிடித்து வரிசையாக வைத்தால், தடை பொருளில் இல்லை என்பது உறுதியாகும். படிவம் மாறிய அறைகளிலும் ஒரே ஆப்பிள் தொடர்ந்தால், இக்கட்டுரை சொன்ன காரணம் தவறு. அப்போது டீச்சரின் சொந்தப் பள்ளி அனுபவத்திலிருந்து தேடலை மறுபடி தொடங்க வேண்டும்.