ஊசி தேய்ந்த கதை

கிராமபோன் பெட்டியோடு ஒரு சிறு தகர டப்பாவும் இருந்த காலம் உண்டு. அதனுள் எஃகு ஊசிகள். இசைத்தட்டின் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபக்கத்திற்குப் புதிய ஊசி பொருத்த வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஓர் ஊசியா என்று மாணவர்கள் வியக்கலாம். அது வீண் செலவன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் முறைக்கு எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை கோரினார். பிறகு பரவிய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. (அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து சென்றதே.) அரக்கோடு கல்தூளையும் கலந்தார்கள். 100 கிராமுக்கு மேற்பட்ட பளுவோடு அழுத்தும் எஃகு முனையை, முதற் சில சுற்றுகளிலேயே கல்தூள் சாணை பிடித்துப் பள்ளத்தின் வடிவத்திற்குக் கொண்டுவந்துவிடும். தட்டு பிழைக்க ஊசி தேய்ந்தது. சிக்கனம் கருதி அதே ஊசியை அடுத்த தட்டிலும் வைத்தால், அதன் கூர்விளிம்பு பள்ளத்தைச் செதுக்கிவிடும்.

1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. இது வினைல், கல்தூள் இல்லை. பள்ளம் குறுகியதால் ஊசிமுனையின் ஆரமும் சுமார் 0.076 மி.மீ.யிலிருந்து 0.025 மி.மீ.யாகச் சுருங்கியது. நீலக்கல்லும் வைரமும் முனைகளாயின. பளு சில கிராமாகக் குறைந்தது. ஊசியை மாற்றும் பழக்கமும் மறைந்தது. தொல்லை இங்கேதான் தொடங்கியது.

வைரமும் தேயும். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் ஊசி 400 மீட்டருக்கு மேல் உராய்ந்து செல்கிறது. பள்ளத்தின் இரு சுவர்களும் உரசுமிடங்களில் முனையின் உருண்டை வடிவம் போய் இரண்டு தட்டை முகங்கள் உண்டாகின்றன. வெறுங்கண்ணுக்கு இவை தெரியா, நுண்நோக்கி வேண்டும். காது ஓரளவு கண்டுகொள்ளும்: 'ச', 'ஸ' ஒலிகள் சீறும், தட்டின் மையத்தை நெருங்க நெருங்கக் கரகரப்பு மிகும். அங்கே பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வெளிவிளிம்பில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. ஆகவே அலைகள் நெருங்கிக் கிடக்கின்றன. தேய்ந்த முனையால் அவற்றுள் நுழைய முடிவதில்லை.

1958-இல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தன. ஒவ்வொரு சுவரிலும் ஓர் ஒலிவழி இருப்பதால், ஊசி பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழும் அசைய வேண்டியதாயிற்று. எனவே ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டின் மறுமுனையை மென்மையான ரப்பரில் பொருத்தினார்கள். தண்டை நடுநிலைக்கு மீட்பதும் வேண்டாத அதிர்வை அடக்குவதும் அந்த ரப்பரின் வேலை.

ரப்பருக்கோ, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிறது. அது இறுகினால், உரத்த இசையில் ஊசி துள்ளிப் பள்ளத்தைத் தாண்டும். தளர்ந்தால், கார்ட்ரிட்ஜின் அடிப்பாகம் தாழ்ந்து தட்டைத் தொடப் பார்க்கும். முன்னிருந்து பார்க்கையில் தண்டு ஒருபுறம் சாய்ந்திருந்தாலும் ரப்பரைச் சந்தேகிக்கலாம். பல ஆண்டுகள் பிரிக்காமல் வைத்திருந்த 'புதிய' ஊசியும் இதற்கு விலக்கன்று.

நல்ல ஊசியை மாட்டிய பிறகும், பழைய தட்டு அதே இடங்களில் கரகரக்கிறதா? தட்டைத் துடைத்தும் மாற்றமில்லையென்றால், தேய்ந்த ஊசி அங்கே ஏற்கெனவே தன் வேலையை முடித்திருக்கலாம்.