எலி வளையும் நல்ல நேரமும்

1975ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சீனத்தின் ஹூபே மாநிலத்து யுன்மெங் வட்டத்தில், சுவெய்ஹூதி என்னுமிடத்தில் பழங்கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே ஓர் எலும்புக்கூடு. அதனைச் சூழ்ந்து 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள்! மன்னனல்லன் அங்கே உறங்கியவன், மாவீரனுமல்லன். ஷி என்னும் பெயருடைய சிற்றதிகாரி. கி.மு. 262இல் பிறந்து, சின் அரசின் கீழ் வழக்குகளை ஆராய்ந்தவன். அவன் வாழ்க்கைக் குறிப்பு கி.மு. 217உடன் நின்றுவிடுகிறது.

அவ்வேடுகளில் ஒன்று, அதிகாரி ஒழுக வேண்டிய நெறியைக் கூறுகிறது. ஐந்து நற்பண்புகளை வகுக்கிறது. குற்றங்களையும் ஐந்தைந்தாய் அடுக்குகிறது. அறிவுடையோரை இகழ்ந்து பொருளைப் போற்றுவது அக்குற்றங்களுள் ஒன்று!

அறவுரையோடு நின்றார்களா? இல்லை, சட்டமும் செய்தார்கள். களஞ்சியத்தில் எலி வளை மூன்று இருந்தால், பொறுப்பாளனுக்கு ஒரு கேடயம் தண்டம், இரண்டெனில் கண்டனம். சுண்டெலி வளை மூன்று, எலி வளை ஒன்றுக்குச் சமம்! வேண்டுமென்றே தவறான தீர்ப்பளித்தவன் குற்றவாளி. குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்லை எழுதிக்கொண்டு, அடிக்காமல் உண்மை காண்பதே மேல். அடித்து அறிவது கீழ். அச்சுறுத்தினால் உண்மையே கெடும் என்றும் விதித்தார்கள்.

இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை. வியக்கிறோம், பாராட்டுகிறோம். ஆனால், நண்பர்களே, அதே ஏடுகளை இன்னும் புரட்டுங்கள்!

எளியவன் முகத்தில் பச்சை குத்தினார்கள், மூக்கை அறுத்தார்கள். அரச மரபில் வந்தவனுக்கோ, பட்டமே இல்லாவிடினும், பொருள் கொடுத்துத் தண்டனையினின்று மீளும் சலுகை! வளைக்குக் கணக்குக் கேட்ட சட்டம், பிறப்புக்குக் கணக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அக்கல்லறையிலேயே நாள் பார்க்கும் ஏடுகள் இரண்டு கிடைத்தன. மணம் முடிக்க எந்நாள், பயணம் புறப்பட எந்நாள், மேலதிகாரியைக் காணக் காலை நன்றா, மாலை நன்றா என்றெல்லாம் அவை உரைக்கின்றன. வழக்கில் சான்று தேட வேண்டிய அதிகாரியின் பக்கத்திலேயே, சான்றில்லாத நாளும் பொழுதும் துயில்கின்றன!

அறிவு அங்கே இல்லாமற்போகவில்லை. களஞ்சியத்தில் நுழைந்தது, வழக்கு மன்றத்தில் நுழைந்தது. பிறப்பு, நல்ல நேரம் ஆகிய இரு வாயில்களின் முன் மட்டும் தலைகுனிந்து நின்றுவிட்டது. பாதி வழியில் நின்ற அறிவு, ஆள்வோருக்குக் கருவியாகும்; ஆளப்படுவோருக்கு விடுதலை தராது. எலி வளையை எண்ணத் தெரிந்த கண், ஏன் இதனையும் எண்ணிப் பார்க்கவில்லை என்று ஷியைக் கேட்க இயலாது. நம்மை நாம் கேட்கலாம், கேட்போம்!