இருட்டுப் பெட்டியும் புறாவின் மூளையும்

சென்ற மாத உரைக்குப் பின், "அடுத்த முறை பறவைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்று சிலர் கேட்டீர்கள். நான் கணக்கு எழுதுகிறவன், பறவை நூல் படித்தவனல்ல. ஆனாலும் ஒரு புறாவுக்குப் பட்ட கடன் என்னிடம் நாற்பது வருடமாகத் தீராமல் இருக்கிறது. இந்த மாதம் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு கிராமத்தில் துருக்கிய நண்பர் ஒருவர் கரணப் புறாக்கள் வளர்க்கிறார். அவருடைய கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அவர்கள் அந்தப் புறாவைத் 'தக்லா' என்பார்கள். துருக்கி மொழியில் தக்லா என்றால் குட்டிக்கரணம். உயரப் பறந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கமாகச் சுழன்று சுழன்று விழும், பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு மேலே ஏறும். சென்ற வசந்த காலத்தில் நான் அங்கே நின்றபோது ஒரு புறா நேரத்துக்குச் சுழற்சியை நிறுத்தவில்லை. கூரை விளிம்பில் தலை அடிபட்டு முற்றத்தில் விழுந்தது. கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது.

நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். "தண்ணீரும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்" என்றார். காற்றுத் துளை போட்ட ஒரு காகிதப் பெட்டி, அதற்குள் வளையமாகச் சுருட்டிய துவாய். அதன் நடுவில் புறாவை வைத்து, மூடியைச் சாத்தி, ஆளரவமில்லாத அறையில் வைத்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் என் புறா ஒன்று சுவரில் மோதி விழுந்தது. நான் அதன் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். அண்ணை முகத்தில் தண்ணீர் தெளித்தார். அயல் பிள்ளைகள் சுற்றி நின்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் புறா செத்துப்போயிற்று. அடியால் செத்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நினைவு சரியாக இல்லாத பறவைக்கு விழுங்கத் தெரியாது, ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அக்பரின் புறாக்கள்

கரணப் புறா நமக்குப் புதிதல்ல. சென்னையில் இன்றும் கர்ணப் புறாவுக்குப் போட்டி வைக்கிறார்கள். அக்பரின் அரண்மனையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாகவும், அவற்றில் 500 அரசருக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டவை என்றும் அபுல் பசல் 'அயினி அக்பரி'யில் எழுதி வைத்திருக்கிறார். வானத்தில் வட்டமடிப்பதற்கும் கரணம் போடுவதற்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. தரையிலேயே உருளும் 'லோடன்' என்ற இந்தியப் புறாவைப் பற்றி டார்வினும் 1868இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். இந்தக் கரணம் நோயோ காயமோ அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததால் வந்த பிறவிக் குணம்.

பாரிஸில் ஒரு மேசை

அடிபட்ட புறாவின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று முறையாகப் பார்த்தவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் புளூரன்ஸ். 1824இல் வெளியிட்ட நூலில் அவர் தன் பரிசோதனைகளை விவரித்தார். புறாவின் சிறுமூளையை எடுத்தால் அதற்கு உடலில் வலு இருக்கும், ஆனால் நடையும் பறப்பும் ஒழுங்காக வராது. பெருமூளையை எடுத்தால் பறவை அசையாமல் நிற்கும், மேலே எறிந்தால் மட்டும் பறக்கும். காதின் உட்புறத்திலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டியபோது தலை ஆடத் தொடங்கியது, பறவை சுழன்றது. அந்தக் குழல்கள் கேட்பதற்கல்ல, சமநிலைக்கு என்று 1870இல் சொன்னவர் ஜேர்மனியரான பிரீட்ரிக் கோல்ட்ஸ். அடிபட்ட புறா தலையைச் சாய்ப்பதும் ஒரே பக்கமாகச் சுற்றுவதும் ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

கொடூரமான பரிசோதனைகள்தான். ஆனால் அவற்றில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. காயம் சிறிதாக இருந்தால், சில நாட்களில் இழந்த திறமை தானாகவே திரும்பி வருவதை புளூரன்ஸ் கண்டார்.

நம் நகரத்தின் பங்கு

இனி பிராங்பேர்ட்டுக்கு வருவோம். 1883இல் இங்கே வந்து நரம்பு வைத்தியம் பார்க்கத் தொடங்கியவர் லுட்விக் எடிங்கர். மீன், பல்லி, பறவை, மனிதன் என்று மூளைகளை வரிசையாக ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1914இல் பிராங்பேர்ட் பல்கலைக்கழகம் தொடங்கியபோது நரம்பியல் பேராசிரியரானார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் இந்நகரில் இயங்குகிறது. விபத்தில் தலையடிபட்டவரின் கண்ணில் மருத்துவர் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்போது கண்மணியைச் சுருங்கச் செய்யும் நரம்புக் கருவுக்கு எடிங்கர்–வெஸ்ட்பால் கரு என்று பெயர். அந்தக் கரு புறாவுக்கும் உண்டு.

எடிங்கர் 1903இல் சக ஆய்வாளர்களுடன் பறவையின் முன்மூளை பற்றிப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். ஆனால் ஒன்றில் தவறினார். பறவையின் முன்மூளை பெரும்பாலும் இயல்பூக்கத்துக்கான அடிப்பகுதியே, சிந்திக்கும் பகுதி அங்கே மிகக் குறைவு என்று எண்ணினார். அந்தக் கருத்தைச் சுமந்த பெயர்கள் நூறு வருடம் பாடநூல்களில் நின்றன. 2004இல்தான் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று அந்தப் பெயர்களை மாற்றியது. 'பறவை மூளை' என்று ஒருவரைத் திட்டுவதற்கு இனி அறிவியல் ஆதாரம் கிடையாது.

எடிங்கரிடம் 1914இல் உதவியாளராக வந்தவர் கேர்ட் கோல்ட்ஸ்ரைன். முதல் உலகப் போரில் தலையில் காயப்பட்ட சிப்பாய்களுக்காக இந்த நகரத்தில் ஒரு மருத்துவமனையையும் ஆய்வு நிலையத்தையும் நடத்தினார். அங்கே அவர் கண்டது முக்கியமானது. மூளை காயப்பட்ட மனிதனிடம் அவனால் முடியாததைக் கேட்டால் அவன் நிலைகுலைந்து போகிறான். அதே மனிதன் சின்னதான, ஒழுங்கான, மாற்றமில்லாத சூழலில் அமைதியடைகிறான். உலகத்தைச் சுருக்கிக்கொள்வது காயப்பட்ட உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்றார். யூதரான அவரை நாசிகள் 1933இல் கைது செய்தார்கள். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, 1965இல் நியூயோர்க்கில் காலமானார்.

இதைப் படித்தபோது அந்தக் காகிதப் பெட்டிதான் என் கண்முன் வந்தது. நண்பர் கோல்ட்ஸ்ரைனைப் படித்தவரல்ல. புறா வளர்த்த தகப்பனிடம் கற்றதைச் செய்தார். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

என்ன செய்யலாம்?

கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த இந்நகரில் மோதி விழுந்த பறவையை நீங்களும் காணக்கூடும். காற்றோட்டமுள்ள பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல், மிதமான சூட்டில் வையுங்கள். அலகுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். பறவை நன்கு விழித்து, நேராக நிற்கத் தொடங்கிய பின் ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீரும் தானியமும் அருகில் வைத்தால் போதும். மேலே எறிந்து பறக்குமா என்று சோதிக்கவே வேண்டாம். வாயிலோ காதிலோ இரத்தம், கண்மணிகளில் வேறுபாடு, வலிப்பு இருந்தால் காத்திராமல் பறவை பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அடிபட்ட அடையாளமே இல்லாமல் கழுத்து முறுகி, தானியத்தைக் கொத்தும்போது குறி தவறினால் அது பரமிக்சோ வைரஸ் நோயாக இருக்கலாம். அப்படியானால் மற்றப் புறாக்களிடமிருந்து பிரித்து வைப்பது அவசியம்.

புறா என்றாலே தொல்லை என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. பக்கத்து லிம்பேர்க் நகரத்தில் புறாக்களைக் கொல்வதா வேண்டாமா என்ற கேள்வி 2024 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு வரை போனது. எதிர்ப்பவரோடு வாதாட நான் வரவில்லை. காலடியில் விழுந்து கிடப்பதற்கு ஒரு பெட்டி கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்று மட்டும் சொல்வேன்.

நண்பரின் புறா இரண்டாம் நாள் எழுந்து நின்றது. முதல் கிழமை தலை சாய்ந்தபடியே தின்றது. ஐந்தாம் கிழமை கூட்டுக்குள் ஒரு கம்பிலிருந்து மறு கம்புக்குப் பறந்தது. அதை அவர் கரணம் போடும் கூட்டத்தோடு இனி விடுவதில்லை. "இது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது" என்கிறார். இப்போது அது இரண்டு குஞ்சுகளுக்குத் தாய்.

என் பழைய கணக்கு அதனால் நேராகிவிடாது. ஆனால் செலவுப் பக்கம் மட்டுமே எழுதியிருந்த ஏட்டில் இப்போது வரவுப் பக்கமும் ஒரு வரி இருக்கிறது.