மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை: ஓர் ஆசிரியரின் வாழ்வு

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (ஏப்ரல் 6, 1815 – பிப்ரவரி 1, 1876) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் தமிழ்ப் புலவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான், உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும், கோவை, அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலிய பல சிற்றிலக்கியங்களையும் இயற்றினார். இன்று அவர் பாடிய நூல்களைவிட அவர் பாடம் சொன்ன முறையே அதிகம் நினைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தார். தந்தை சிதம்பரம் பிள்ளை திண்ணைப் பள்ளி ஆசிரியர், தாய் அன்னத்தாச்சி. தமிழின் அடிப்படை நூல்களைத் தந்தையிடமே கற்றார். இளம் வயதிலேயே தந்தையை இழந்ததால் குடும்பப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. படிப்பை அவர் விடவில்லை.

அக்காலத்தில் அச்சு நூல்கள் மிகக் குறைவு. ஒரு நூலைக் கற்க வேண்டுமானால், முதலில் அதன் ஏடு இருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதைப் படி எடுக்க வேண்டும். அதன் பிறகு பொருள் சொல்லும் ஒருவரைத் தேட வேண்டும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை கம்பராமாயணம் முழுவதையும் மூன்று முறை ஏட்டில் எழுதினார். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் திருச்சியில் இருந்தார். அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்களில் உடன் நடந்து, அவர் விரும்பியதை வாங்கிக் கொடுத்து, அந்த இலக்கண நூலைப் பாடம் கேட்டார். சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் போன்றோரிடமும் ஐயம் தெளிந்தார்.

கல்வி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தம் காலால் நடந்து அறிந்தவர். தம்மைத் தேடி வந்த மாணவர் எவரையும் அவர் அலைய விடாததற்கு இந்த அனுபவமே காரணம் எனலாம்.

குடும்பமும் வருவாயும்

மனைவி காவேரி ஆச்சி. மகன் சிதம்பரம் பிள்ளை, பாட்டனின் பெயரைத் தாங்கியவர். திருச்சியில் வாழ்ந்த குடும்பம் பின்னர் மாயூரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அந்நண்பர்மேல் பாடப்பட்டதே 'குளத்தூர்க் கோவை'.

அவருக்கு மாதச் சம்பளம் என்று நிலையான வருவாய் இல்லை. ஓர் ஊர்க் கோயிலுக்குப் புராணம் பாடித் தரும்படி அவ்வூர்ச் செல்வர்கள் கேட்பர். நூல் முடிந்து அரங்கேற்றம் நடந்தால் சம்மானம் வரும். மற்றபடி ஆதீனத்தின் ஆதரவே துணை. இந்த வருவாயில்தான் மனைவி, மகன், உறவினர், வீட்டில் தங்கி உண்ணும் மாணவர் என அனைவரையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாணவரிடம் அவர் ஊதியம் கேட்டதில்லை. மகனின் திருமணத்தைச் சிறப்பாக நடத்தினார். அதனால் கடன் ஏறியது. இறுதி ஆண்டுகளில் அந்தக் கடன் அவரை வாட்டியது. திருப்பெருந்துறைப் புராணம் போன்ற நூல்களை உடல் தளர்ந்த காலத்திலும் பாடியதற்குக் குடும்பச் சுமையும் ஒரு காரணம்.

பாடம் சொன்ன முறை

பிள்ளையவர்கள் செய்யுளைச் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் ஏட்டில் எழுதுவார். வெளியூர்ப் பயணங்களிலும் இது நிற்பதில்லை. நூல் இயற்றும் வேலைக்கு நடுவிலேயே பாடமும் நடந்தது. இப்படி எழுதிய மாணவர்கள் ஒரு பாட்டு எவ்வாறு உருவாகிறது என்பதை அருகிலிருந்தே கண்டனர்.

பாடத்துக்கு ஒரு வரிசையும் இருந்தது. 1871-ல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த சாமிநாதையருக்கு முதலில் திருக்குடந்தைத் திரிபந்தாதி நடந்தது. அதன்பின் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், கோவைகள் என்று சிறியவற்றில் தொடங்கிப் பெரிய காப்பியங்களுக்கும் புராணங்களுக்கும் சென்றார். வேங்கடராமன் என்ற இயற்பெயரைக் கொண்ட அந்த மாணவருக்குச் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்ததும் ஆசிரியர் விருப்பத்தால்தான். அம்மாணவர் பெரியம்மை கண்டு ஊருக்குச் சென்றபோது, பெற்ற மகன் நோயுற்றது போலவே ஆசிரியர் வருந்தினார்.

சைவ மடத்தின் வித்துவானாக இருந்தும் அவர் மாணவரிடம் மதம் பார்க்கவில்லை. சவேரிநாத பிள்ளை கிறித்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் இசுலாமியர். குடந்தைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தியாகராச செட்டியாரும் இவரிடம் பயின்றவரே.

மறைவு

1876 பிப்ரவரி முதல் நாள் அவருடைய இறுதி நாளாயிற்று. சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் தாங்கிக்கொண்டார். சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தார். சைவப் புலவர் ஒருவர், கிறித்தவ மாணவர் ஒருவரின் மேல் சாய்ந்தபடி, அந்தண மாணவர் ஒருவர் படிக்கத் திருவாசகம் கேட்டு உயிர் நீத்தார். அவர் வாழ்நாள் முழுவதும் நடத்திய வகுப்பு அந்த அறையிலும் கூடியிருந்தது.

பின்வந்த பயன்

குடும்பத்துக்கு அவர் பெருஞ்செல்வம் வைத்துச் செல்லவில்லை. கற்பித்தலுக்கு விலை வைக்காத ஒருவரின் வீடு அதற்கான விலையைக் கொடுத்தது என்பதை அவர் வரலாற்றைப் படிப்போர் மறக்கலாகாது. காவேரி ஆச்சியின் பொறுமையும் அந்தக் கல்விக் கொடையின் ஒரு பகுதியே.

மாணவர்கள் வழியாக அக்கொடை வளர்ந்தது. 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். ஓர் ஆசிரியரிடம் பயின்ற இருவரில் மூத்தவர் இளையவருக்கு வழிவிட்டார். அந்தப் பணியில் இருந்தபோதே சாமிநாதையர் ஏடு தேடும் வேலையில் இறங்கி, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சங்க நூல்களும் பிற காப்பியங்களும் தொடர்ந்தன.

ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், முதுமையில் சாமிநாதையர் அவர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அம்மாணவர் அவரிடம் பயின்றது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே. அந்த ஐந்து ஆண்டுகளின் நன்றி அறுபது ஆண்டுகள் குன்றாமல் இருந்தது.