டம்டம்மிலிருந்து ஆறு நிமிடம்: ஓர் ‘அல்லது’ பற்றிய ஆய்வு

காமெட் ஜெட் விமானங்களின் வீழ்ச்சியைச் சொல்பவர்களிடையே ஒரு வாசிப்பு வேரூன்றிவிட்டது. 1953 மே 2 அன்று கல்கத்தா அருகே ஒரு விமானம் விழுந்தது. 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே இன்னொன்று, அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் பக்கக் கடலில் மற்றொன்று. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, எல்லாவற்றுக்கும் உலோகச் சோர்வே, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகம் நலிந்து விரிசல் விடுவதே, காரணம் என்கிறது அந்தத் தொகுப்பு வாசிப்பு. பின்னிரண்டைப் பற்றிச் சண்டையில்லை. முதலாவதற்கு அது பொருந்தாது. வங்கத்துக் கோடைப் புயலை வரலாற்றிலிருந்தே அது துடைத்துவிடுகிறது.

அந்த வாசிப்பின் கவர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, பறக்கும்போது ஏறி இறங்கும் காற்றழுத்தத்தைப் போலவே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். உண்மையான பறப்புகளையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் விமானத்தின் உடற்கூடு கிழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பொறியியல் துப்பறிதல்களில் ஒன்று அது. அவ்வளவு வெளிச்சம் ஓரிடத்தில் விழுந்தபின், பக்கத்தில் இருந்ததெல்லாம் அதே நிறமாகத் தெரிந்தது.

கல்கத்தாவில் நடந்ததோ வேறு. சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் பிரிட்டிஷ் விமான நிறுவனம் பி.ஓ.ஏ.சி.யின் 783ஆம் பறப்பு, அன்று மாலை நாலரை மணியளவில் கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து தில்லிக்குக் கிளம்பியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. ஆறு நிமிடங்களில் தொடர்பு அறுந்தது. விமானத்திலிருந்த 43 பேரும் இறந்தனர். கட்டணப் பயணிகளோடு பறந்த ஜெட் ஒன்றில் உயிர்கள் போனது அதுவே முதல் முறை.

மாதத்தையும் வேளையையும் கவனிக்க வேண்டும். சித்திரை வைகாசியில், பகலெல்லாம் வெந்த வங்கத்து மண்ணின் மேல், வடமேற்கே சோட்டா நாக்பூர் மேட்டுப்பக்கமிருந்து மாலையில் பாய்ந்துவரும் இடிப்புயலை அங்குள்ளோர் ‘கால்பைசாகி’ என்பார்கள். அதன் முகிலுக்குள் காற்று மேலே தூக்கும். அடுத்த கணமே கீழே அறையும். 783 ஏறிப் போனது அந்த வடமேற்குத் திசையில்தான்.

விமானம் விழுந்த ஜகல்கோரி கிராமத்தில் இருந்தவர்கள் கண்டது, இறக்கை இல்லாமல் எரிந்தபடி விழுந்த விமானத்தை. இந்த ஒரு சாட்சியத்துக்கு உரிய இடத்தைத் தொகுப்பு வாசிப்பு தரவில்லை. எல்பாவில் வெடித்தது பயணிகள் அறை; அப்போது விமானம் ஏறத்தாழ 27,000 அடி உயரத்தில் இருந்தது. நேப்பிள்ஸ் விமானம் 35,000 அடியை நெருங்கியிருந்தது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகுந்து நிற்கும் உயரங்கள் அவை. ஆறே நிமிடம் ஏறிய விமானத்தில் அந்த வேறுபாடு அவ்வளவு இருக்க வழியில்லை. சிதைவுகளை ஃபார்ன்பரோவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதும், முதலில் முறிந்தது வால்பகுதியில் மூக்கை ஏற்றி இறக்கும் இடப்பக்க எலிவேட்டரின் உள்தண்டு என்றும், கீழ்நோக்கிய பெருஞ்சுமையால் இறக்கைகள் பிறகு பிரிந்தன என்றும் தெரிந்தது. உலோகச் சோர்வால் உடற்கூட்டின் சன்னல் மூலையில் தொடங்கும் விரிசலின் கதை இதில் எங்கும் இல்லை.

இந்திய விசாரணை நீதிமன்றத்தின் முடிவில் ஒரு சொல் தனித்து நிற்கிறது. விமானம் வானிலேயே கட்டமைப்பு முறிந்து விழுந்தது. காரணம் இடிப்புயலின் கடுங்காற்று, ‘அல்லது’ புயலைக் கடக்கையில் விமானி கட்டுப்பாடுகளை மிகையாக இயக்கியதோ கட்டுப்பாட்டை இழந்ததோ. இந்த ‘அல்லது’வை நீதிமன்றத்தின் தயக்கமாகவே கொண்டு, அந்த இடைவெளியில் உலோகச் சோர்வை நுழைப்பதுதான் தொகுப்பு வாசிப்பின் வழி. ஆனால் அந்தச் சொல்லின் இருபுறமும் புயலே இருக்கிறது. காமெட்டின் கட்டுப்பாடுகள் முழுக்க ஹைட்ராலிக் விசையால் இயங்கியவை. காற்று இறக்கையையும் வாலையும் எவ்வளவு அழுத்துகிறது என்பது கட்டுப்பாட்டுத் தடியைப் பிடித்த விமானியின் கைக்குத் தெரியாது. புயல் மூக்கைக் கீழே தள்ளியிருந்தால், மேலே இழுக்கும் கைக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்ல எதுவுமில்லை. இதை விமானியின் பிழை என்று பிரித்தெடுப்பது அநியாயம். புயலும் உணர்வற்ற தடியும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள்.

முந்தியது அறைந்த காற்றா, இழுத்த கையா? அதை எந்தச் சிதைவும் சொல்லவில்லை. உள்தண்டில் பழைய சோர்வு கொஞ்சமும் இருந்திருக்காது என்று சத்தியம் செய்யவும் முடியாது. இருந்திருந்தாலும், அதை முறித்த சுமை புயலுடையது.

விசாரணையைத் தொடர்ந்து வந்த பரிந்துரைகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. கலங்கிய காற்றில் வேகத்துக்குக் கடுமையான வரம்பு வைக்கச் சொன்னார்கள். காமெட்டுகளுக்கு வானிலை ராடார் கேட்டார்கள். சுமைக்கு ஏற்பத் தடியைக் கனக்கச் செய்யும் ‘கியூ ஃபீல்’ அமைப்பையும் பொருத்தச் சொன்னார்கள். உடற்கூட்டின் தகட்டைப் பற்றியது இவற்றில் எதுவுமில்லை. புயலைக் கண்ணால் தேடிய காலம் முடிந்து கருவியால் தேடும் காலம் பிறந்த வரலாற்றில், ஜகல்கோரிக்கு உரிய இடம் இது. எல்பாவின் நிழலில் அது மறைந்துபோனது.

அன்றைய காமெட்டுகளில் எதையும் பதிந்துவைக்கும் கருவி இல்லை. மெல்போர்னில் காமெட் விபத்துகளை ஆராய்ந்தவர்களோடு இருந்த டேவிட் வாரன் என்னும் வேதியியலாளர், விமானி அறையின் பேச்சைப் பதிவுசெய்து காக்கும் ஒரு பெட்டியைப் பற்றி 1954இல் அறிக்கை எழுதினார். கல்கத்தா தீர்ப்பின் ‘அல்லது’வை அவிழ்க்கக்கூடிய பெட்டி அது, 783க்கு ஓராண்டு தாமதமாகத் தாளில் வந்தது.